டிஸ்சார்ஜ் அட்டையின் பின்பக்கம்: எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சியில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், காதுகுத்து அழைப்பிதழ் இவற்றோடு மருத்துவமனைகளுக்கான கோப்பு அட்டைகளையும் பல ஆண்டுகளாக அடித்துக் கொடுத்து வருகிறேன். நோயாளி வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேயையும் ரசீதுகளையும் போட்டுக் கையில் கொடுப்பீர்களே, அந்த அட்டை. முன்பக்கத்தில் மருத்துவமனையின் பெயரும் கட்டடத்தின் படமும் வரும். பின்பக்கத்தில் 24 மணி நேர மருந்தகம், ஸ்கேன் வசதி, ஏசி அறைகள், கார் நிறுத்துமிடம் என்று வசதிகளின் பட்டியல் வரும். கால் அறுவைக்குப் பிறகு ரத்தம் உறைவதன் அறிகுறிகளை அச்சிட, அந்தப் பின்பக்கத்தில் பாதியை உங்களிடம் கேட்டு வாங்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போன வருடம் ஐப்பசி அடைமழையில் என் அக்கா வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தார். வயது 46. வலது கணுக்காலில் இரண்டு பக்க எலும்பும் முறிந்திருந்தன. ஊரில் பெயரெடுத்த மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த வேலை சுத்தமான வேலை. வெளிப்பக்கம் தகடு, உள்பக்கம் இரண்டு திருகாணி. எக்ஸ்ரேயைப் பார்த்த வேறொரு மருத்துவர், இதைவிட நன்றாகப் பொருத்த முடியாது என்று பாராட்டினார். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வர வேண்டும். சீட்டில் கிருமிக்கொல்லி, வலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்று. "காலை உயர்த்தி வைக்கவும்" என்ற வரி மட்டும் பேனாவால் தமிழில் எழுதப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலம்.

பதின்மூன்றாம் நாள் முழங்காலுக்குப் பின்புறம் ஏதோ இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறது என்றார் அக்கா. கட்டுக்கு மேலே தொடை சற்றுக் கனத்திருந்தது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டோம். எடுத்தவர் அன்பாகத்தான் பேசினார். கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும், தலையணையை இன்னும் உயர்த்தி வையுங்கள் என்றார். அன்று மாலை அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி, அக்காவின் தொடையிலும் கட்டின் விளிம்பு வரையிலும் தேய்த்து, அரை மணி நேரம் அமுக்கிவிட்டார். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. வீங்கிய காலை அமுக்கக் கூடாது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போய்வந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஒரு பக்கம் குத்துகிறது என்றார். நம் வீடுகளில் நெஞ்சுக் குத்தலுக்கு முதல் பெயர் வாயு. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். விடிகாலையில் எழுந்து நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். 108 வந்து கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் நெஞ்சை ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. காலின் ஆழ்சிரையில், அதாவது சதைக்குள் ஆழமாக ஓடி ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு மேலேறி நுரையீரல் தமனியை அடைத்திருக்கிறது. பணியில் இருந்த இளம் மருத்துவர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். வெள்ளையாக ஓடும் குழாயின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. அக்கா பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டார். வலது கால் இன்னமும் மாலையானால் வீங்குகிறது.

அந்த இளம் மருத்துவர் அக்காவிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: "ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். நான் வெளியே போனேன். அதிக ரத்தப்போக்குக்காக மகளிர் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். கணுக்கால் அறுவைக்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அதற்கும் காலுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

இதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் அல்லன், தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள். ஆனால் படித்ததில் எனக்கு விளங்கியதை என் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன், ஏனென்றால் இதை எங்களுக்கு விளங்கும்படிச் சொல்ல முடியாது என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது.

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. அது திரும்பி மேலே ஏறுவதற்குக் காலே உதவ வேண்டும். பாதத்தை ஊன்றும்போது உள்ளங்காலின் சிரைகள் நசுங்கி ரத்தம் மேலே பீச்சப்படுகிறது. அடி எடுத்து வைக்கும்போது கெண்டைச்சதை இறுகி, அந்த ரத்தத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்காமலிருக்க வழியெல்லாம் சிறு கதவுகள் போல வால்வுகள். கெண்டைச்சதையை இரண்டாவது இதயம் என்று நீங்களே சொல்வதுண்டு. கணுக்கால் அறுவைக்குப் பிறகு போடும் மாவுக்கட்டு இந்த இரண்டு விசைப்பம்புகளையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறது. பாதம் ஊன்றுவதில்லை, கெண்டைச்சதை அசைவதில்லை. கிணற்றடியில் தேங்கிய தண்ணீரில் பாசி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தேங்கினால் கெடும் என்பதை எங்களுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது.

19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் உங்கள் கல்லூரிகளில் மூன்று காரணங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயின் சுவர் அடிபடுவது, ரத்தமே சுலபமாக உறையும் நிலைக்கு மாறுவது. என் அக்காவின் காலில் மூன்றும் இருந்தன. கட்டுப் போட்டதில் முதலாவது. முறிவிலும் அறுவையிலும் இரண்டாவது. அடிபட்ட உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள ரத்தத்தைக் கெட்டிப்படுத்துவதிலும், கூடவே அந்த ஹார்மோன் மாத்திரையிலும் மூன்றாவது.

இது நம் மக்களுக்கு அரிதாக வருவது, வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர், நம்பித்தான் சொன்னார். ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளைப் புரட்டி எழுதிய கட்டுரை இருக்கிறது. உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஒவ்வொரு 10,000 பேரிலும் ஏறத்தாழ 17 பேருக்கு ஆழ்சிரை ரத்த உறைவு உறுதியாகியிருந்தது. அது நம் வேலூர்க் கணக்கு. 32 நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்தி 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான எண்டார்ஸ் ஆய்வில் இந்தியாவும் இருந்தது. உறைவு ஆபத்து உள்ள இந்திய நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட உரிய தடுப்பு கிடைக்கவில்லை என்று அதன் இந்தியப் பகுதி சொல்கிறது. தேடாததால் தெரியவில்லை என்பதும், இல்லாததால் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. வீட்டில் திடீரென இறந்துபோனவரை "மாரடைப்பு" என்று எழுதி எரித்துவிடும் ஊரில், எந்தக் கணக்கும் குறைவாகத்தான் வரும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலில் கட்டுப் போட்ட எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் ஊசி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நீங்கள் சிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஏறத்தாழ 1,500 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2017இல் வெளிவந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போட்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு உறைவு, போடாதவர்களில் 1.8 சதவீதம் பேருக்கு. எல்லோருக்கும் போடுவதால் பெரிய பயன் இல்லை என்று அவர்கள் நேர்மையாக எழுதினார்கள். முன்பே உறைவு வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மருந்து சும்மா வருவதில்லை. காயத்தில் ரத்தம் கசியும், கசிந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். பாதத்தில் சதை குறைவு, அங்கே புண் ஆறாவிட்டால் தகடு வெளியே தெரியும் என்று ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது.

எந்த மருந்து என்பதிலும் உங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. 2020இல் வந்த ஓர் ஆய்வு, இடுப்பெலும்பு மூட்டு மாற்றம் போன்ற பெரிய அறுவை அல்லாத கால் அறுவைகளில் ரிவராக்சபன் என்ற மாத்திரை, ஹெப்பாரின் வகையான ஈனாக்சாபரின் ஊசியைவிட நன்றாக உறைவைத் தடுத்ததாகச் சொன்னது. 2023இல், எலும்பு முறிந்த 12,000 பேருக்கு மேல் சேர்ந்த அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்று, உயிரிழப்பைத் தடுப்பதில் சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை, ஹெப்பாரின் வகை ஊசிக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. காலில் உறையும் கட்டிகள் மட்டும் ஆஸ்பிரின் குழுவில் சற்று அதிகம். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் விவாதியுங்கள். அந்த விவாதம் முடிகிற வரைக்கும் நோயாளியிடம் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வழக்கு.

மருத்துவச் சிகிச்சைக்கு வழிகாட்டிகள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். பாத, கணுக்கால் அறுவைக்குப் பிறகு கட்டுப் போட்டு அசைவை நிறுத்த வேண்டியிருந்தால், அல்லது மயக்க மருந்தில் இருக்கும் நேரம் 90 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ரத்தக் கசிவு ஆபத்தைவிட உறைவு ஆபத்து அதிகமாக இருந்தால் மருந்துத் தடுப்பைப் பற்றி யோசியுங்கள் என்கிறது. கட்டு 42 நாளுக்கு மேல் நீடித்தால் மருந்தை நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்கிறது. "யோசியுங்கள்" என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உறைவின் அறிகுறிகளை வாயாலும் எழுத்தாலும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதில் இந்தத் தயக்கம் இல்லை.

கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இன்னொன்று. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 15 அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில், காலில் அடிபட்டு அறுவையில்லாமல் கட்டுப் போட்டவர்களிடம் ஒரு கேள்வித்தாளை வைத்து மதிப்பெண் போட்டார்கள். வயது, எடை, அடிபட்ட இடம், கட்டு எவ்வளவு உயரம், முன்பு உறைந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா, புற்றுநோய் உண்டா, கருவுற்றிருக்கிறாரா, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது போன்ற கேள்விகள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மருந்தே கொடுக்கவில்லை. அவர்களில் மூன்று மாதத்தில் உறைவு வந்தது 1,000க்கு 7 பேருக்குத்தான். தேவையில்லாத ஊசிகளும் குறைந்தன. யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கத் தெரிந்தால், யாருக்கு வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்தத் தாளை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாவிட்டால் நீங்களே ஒன்றை உருவாக்குங்கள். அதில் நம் ஊருக்கென்று ஒரு கேள்வியைச் சேருங்கள்: திருவிழாவுக்காகவோ வீட்டு விசேஷத்துக்காகவோ மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டீர்களா? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். அதைக் கேட்கும்போது அண்ணன் தம்பிகளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு செவிலியர் கேட்கட்டும்.

சொல் தெரிந்திருப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2010 ஜூலையில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உடைந்த கண்ணாடியை மிதித்தார். பாதத்தில் இரண்டு முறை அறுவை, பல வாரம் கட்டு. 2011 தொடக்கத்தில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள். உலகத்தின் மிக வலுவான கால்களில் ஒன்றுக்கே அந்த நிலை. பிறகு 2017இல் அறுவை மூலம் மகளைப் பெற்றெடுத்த மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. இது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. செவிலியரிடம் போய், ஸ்கேன் எடுங்கள், ஹெப்பாரின் கொடுங்கள் என்று கேட்டார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள். அவர் விடவில்லை. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. முதல் முறை பட்ட பாடு இரண்டாம் முறை அவரைக் காத்தது. எங்களுக்கு முதல் முறையே சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

வீட்டில் நாங்கள் செய்யும் தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. ஆபரேஷன் ஆன காலை அசைக்கவே கூடாது என்று உறவினர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல்களை மடக்கி நீட்டலாம், முழங்காலையும் இடுப்பையும் அசைக்கலாம், வாக்கரோடு அடிக்கடி எழுந்து நிற்கலாம் என்று நீங்கள் சொல்லாதவரை அவர்கள் சொல்வதுதான் சட்டம். இன்னொன்று, பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன்: கழிவறைக்குப் போவது சிரமம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அக்கா ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் குடித்திருக்கிறார். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம். உடம்பில் நீர் வற்றுவது உறைவுக்கு நல்லதல்ல என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால், அம்மா சொம்போடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவர்களை முதல் 48 மணி நேரம் காக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் அதற்கு நன்றி சொல்கின்றன. ஆனால் ரத்தம் உறைந்து மேலேறுவது பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தில் அல்ல. இரண்டாம், மூன்றாம் வாரங்களில், வீட்டுக் கட்டிலில். அதே 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் சகோதரி அக்காவின் கட்டைப் பார்த்து, "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அம்மாவின் மாத்திரையைக் கொடுத்துப் போனார். தொடை வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், அன்றே கேட்டிருப்பார்.

இனி அந்தப் பின்பக்கம். நான் கோத்து வைத்திருக்கும் வாசகம் இது, வேண்டியபடி திருத்துங்கள்:

"காலில் அறுவை முடிந்து 3 மாதம் வரை கவனம். கெண்டைக்காலிலோ தொடையிலோ புதிதாக வலி, வீக்கம், சூடு, நிறமாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வீங்கிய காலைத் தேய்க்கவோ அமுக்கவோ வேண்டாம். திடீரென மூச்சு வாங்கினாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், மயங்கி விழுந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் காலில் அறுவை நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்."

இவ்வளவுதான். பன்னிரண்டு புள்ளி எழுத்தில் அட்டையின் பாதி இடத்தில் அடங்கிவிடுகிறது, அளந்து பார்த்துவிட்டேன். கீழே ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுப்பவருக்கு இந்த வரிகள் தெரிந்திருப்பதும் வேண்டும். கார் நிறுத்துமிடம் இருப்பதை வருகிறவர்கள் வாசலிலேயே பார்த்துக்கொள்வார்கள். இதை எழுத்துக் கோத்து, வடிவமைத்துத் தர எந்த மருத்துவமனையிடமும் நான் காசு வாங்க மாட்டேன். வேறு அச்சகத்தில் அடித்தாலும் கணினிக் கோப்பை அனுப்பி வைக்கிறேன்.

வருகிற தை மாதம் அக்காவின் காலிலிருந்து தகட்டை எடுக்க வேண்டும். திரும்பவும் அதே மேசை, அதே கட்டு, சில நாள் படுக்கை. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அக்கா எழுதி வைத்திருக்கிறார்: எனக்கு முன்பு காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்திருக்கிறது. ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டேன். இந்த முறை தடுப்பு மருந்து வேண்டுமா, எத்தனை நாள்? மயக்கம் கொடுக்கும் டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டும். தாளை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறார். உங்களில் யாரிடமோதான் அதை நீட்டப் போகிறார். வாங்கிப் படியுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஓர் அச்சகக்காரன்